சைபர் பாதுகாப்பு வேலைக்குப் படிக்கும்போதே தயாராவது எப்படி? ஒரு வருடம் போய்விட்டது, குழப்பம்தான் மிச்சம்

வெண்முகில்:

வணக்கம். கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சைபர் பாதுகாப்பில்தான் வேலை என்று முடிவெடுத்து ஒரு வருடம் ஆகிறது. இதற்குள் பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். என்மேப், மெட்டாஸ்ப்ளாய்ட், பர்ப் சூட், ஹைட்ரா என்ற சோதனைக் கருவிகள் எல்லாவற்றையும் வீடியோ பார்த்து ஓட்டிப் பழகினேன். ஆன்லைன் வகுப்புகளில் வாங்கிய சான்றிதழ் மட்டும் பதினொன்று இருக்கிறது.

போன வாரம் பயிற்சிப் பணி ஒன்றுக்கு நேர்காணல். முதல் கேள்வியே, "பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டுகிறீர்கள். பக்கம் வருவதற்குள் என்னென்ன நடக்கிறது?" தளத்தின் பெயருக்கு எண் முகவரி கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் என்று ஆரம்பித்தேன். "அது எதில் போகும்?" யூடிபி, போர்ட் 53 என்றேன். "டிசிபியில் போகவே போகாதா?" அங்கேயே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் தெளிவாகப் பதில் வரவில்லை. பதினொரு சான்றிதழில் ஒன்றைப் பற்றிக்கூட அவர்கள் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு வருடம் கையில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். மனம் மிகவும் சோர்ந்துபோயிருக்கிறது.

இரவுக்காவல்:

முதலில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். யூடிபி, டிசிபி இரண்டும் தரவை அனுப்பும் முறைகள். யூடிபி அனுப்பிவிட்டுப் போய்விடும், டிசிபி போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொள்ளும். டிஎன்எஸ் வழக்கமாக யூடிபியில்தான் போகும். பழைய விதிப்படி யூடிபியில் வரும் பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், "பதில் துண்டிக்கப்பட்டது" என்று ஓர் அடையாளம் வைத்து சர்வர் அனுப்பும். கேட்ட கணினி அதே கேள்வியை டிசிபியில் திரும்பக் கேட்கும். ஒரு டொமைனின் பதிவுகளை மொத்தமாக ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும்போதும் டிசிபிதான். ஃபயர்வாலில் டிசிபி 53ஐ மூடிவிட்டு, "சில தளங்கள் மட்டும் ஏன் திறக்கவில்லை" என்று இரண்டு நாள் தேடிய ஆட்களை எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி.

நான் ஒன்பது வருடமாக சாக்கில், அதாவது பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில், வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்பவர்களை நேர்காணல் செய்பவர்களில் நானும் ஒருவன். நீங்கள் சொன்ன நிலைமையில் வருகிறவர்கள் நிறையப் பேர். கருவியின் பெயர் தெரியும், கட்டளை தெரியும், ஆனால் அந்தக் கட்டளை எதன் மேல் போய் முட்டுகிறது என்று தெரியாது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. யாரோ அவர்களுக்கு வரிசையை மாற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நாள் முழுவதும் நாங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி சாதாரணப் போக்குவரத்துதான். அது எப்படி இருக்கும் என்று கண் பழகியிருந்தால், கோணலாக ஒன்று வரும்போது தானாகக் கண் நின்றுவிடும். பழகாவிட்டால் எல்லாமே சந்தேகமாகத் தெரியும், அல்லது எதுவுமே தெரியாது.

2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் சம்பவத்தைப் படித்திருப்பீர்கள். எக்ஸ்இசட் என்பது லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ஒரு சிறிய மென்பொருள். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒருவர் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் அந்தத் திட்டத்தில் உழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளர் இடத்துக்கே வந்தபிறகு வைத்தது. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் பாதுகாப்பு ஆய்வாளர் கிடையாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். வேறு எதற்காகவோ வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய அரை விநாடி அதிகமாகிறது, சிபியூ தேவையில்லாமல் ஓடுகிறது என்று கவனித்தார். அரை விநாடி! எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று தெரிந்திருந்தவருக்குத்தான் அது உறுத்தியது. விடாமல் தோண்டினார், பின்கதவு வரை போய்விட்டார். அது பெரும்பாலான சர்வர்களுக்குப் பரவுவதற்கு முன்பே தடுத்தாயிற்று.

அதனால் உங்களுக்கு என் முதல் வேலை இதுதான். நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே ஒரு தளத்தைத் திறங்கள். வந்த பாக்கெட்டுகளை உட்கார்ந்து படியுங்கள். டிஎன்எஸ் கேள்வி எது, பதில் எது, இணைப்பைத் தொடங்கும் டிசிபியின் மூன்று படிக் கைகுலுக்கல் எங்கே, தரவை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்திலிருந்து உள்ளடக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, எல்லாவற்றையும் உங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அந்தப் பக்கம் கையில் இருந்தால் போன வார நேர்காணல் வேறு மாதிரி போயிருக்கும்.

மறைக்குறி:

இரவுக்காவல் அண்ணா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன், பாதிக்கு இல்லை. நான் ஊடுருவல் சோதனை, அதாவது அனுமதியோடு தாக்கிப் பார்த்து ஓட்டை தேடும் வேலை, செய்பவள், ஆறு வருடம் ஆகிறது.

அடிப்படை வேண்டும், சரி. ஆனால் "முதலில் நெட்வொர்க் முழுவதும் படி, பிறகு இயங்குதளம் முழுவதும் படி, அதற்கப்புறம்தான் தாக்குதல்" என்று சொன்னால் மூன்றாவது மாதமே ஆர்வம் வற்றிவிடும். எனக்கு வற்றியது. ஒரு பூட்டைத் திறந்து பார்க்கும் ஆசைதான் என்னை மறுபடி உள்ளே இழுத்தது. பூட்டைத் திறக்கப் போனதால்தான் பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று படித்தேன்.

போர்ட்ஸ்விக்கரின் வெப் செக்யூரிட்டி அகாடமி முழுக்க இலவசம். பர்ப் சூட்டைச் செய்கிறவர்களே நடத்துவது. அதில் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் பாடத்திலிருந்து தொடங்குங்கள். உள்நுழையும் பக்கத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் ஒற்றை மேற்கோள்குறி போட்டால் ஏன் பிழை வருகிறது? நீங்கள் தட்டியதை நிரலாளர் அப்படியே தரவுத்தளக் கேள்விக்குள் ஒட்டிவிட்டார், உங்கள் மேற்கோள்குறி அவருடைய வாக்கியத்தை முடித்துவிட்டது. இது புரிந்த அன்றே தீர்வும் புரிந்துவிடும். கேள்வியைத் தனியாகவும் பயனர் கொடுத்த மதிப்பைத் தனியாகவும் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அணுகல் கட்டுப்பாடு, அதாவது யார் எதைப் பார்க்கலாம் என்பது. இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து ஆபத்துகள் பட்டியலில் 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது, 2021இல் முதலிடத்துக்கு வந்தது. முகவரியில் ரசீது எண் 1041 என்று இருக்கிறது, அதை 1042 ஆக்கினால் இன்னொருவரின் ரசீது வருகிறது. எந்தக் கருவியும் இதைச் சரியாகப் பிடித்துத் தராது. இந்த ரசீது யாருடையது, யார் பார்க்கலாம் என்று யோசிக்கத் தெரிந்த மனிதர்தான் பிடிக்க வேண்டும். என் வேலையில் நான் அதிகமாகக் கண்டுபிடிப்பது இதைத்தான்.

இன்னொன்று. இந்த வேலையில் பாதி எழுத்து. ஊடுருவல் சோதனைக்கான ஓஎஸ்சிபி சான்றிதழ்த் தேர்வையே பாருங்கள். 23 மணி 45 நிமிடம் இயந்திரங்களுக்குள் நுழையப் போராட வேண்டும், அது முடிந்தபிறகு அறிக்கை எழுதிக் கொடுக்க இன்னொரு 24 மணி நேரம். நுழைந்துவிட்டு அறிக்கையைச் சரியாக எழுதாமல் தோற்றவர்கள் இருக்கிறார்கள். என்ன செய்தேன், எப்படி வேலை செய்தது, எப்படிச் சரிசெய்வது என்று மூன்றாம் மனிதருக்குப் புரிகிற மாதிரி எழுதப் படிக்கும் காலத்திலேயே பழகுங்கள்.

இரவுக்காவல்:

மறைக்குறி சொல்வது நியாயம். வரிசையை நான் கொஞ்சம் இறுக்கமாகச் சொல்லிவிட்டேன். உடைத்துப் பார்த்துப் பிறகு "ஏன் உடைந்தது" என்று பின்னோக்கிப் போகிறவர்களும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அந்த "ஏன்" கேட்காமல் அடுத்த கருவிக்குத் தாவுவதுதான் பிரச்சினை.

கட்டளை வரிக்குப் பழக ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்ற விளையாட்டு இருக்கிறது. எஸ்எஸ்எச் வழியாக, போர்ட் 2220இல் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டத்தின் கடவுச்சொல் ஒளிந்திருக்கும். ஆரம்பத்தில் வெறும் ஒரு சிறுகோட்டையே பெயராகக் கொண்ட கோப்பைப் படிக்கச் சொல்வார்கள். ஐந்து நிமிட வேலை என்று நினைப்பீர்கள், அரை மணி போய்விடும். விடையைத் தேடிப் பார்க்காதீர்கள். அந்த அரை மணிதான் சம்பாத்தியம்.

கதிரொளி:

எனக்கு ஒரு சந்தேகம். நான் முதலாம் ஆண்டு. எங்கள் கல்லூரி வைஃபையிலேயே என்மேப் ஓட்டிப் பார்த்தால் உண்மையான அனுபவம் கிடைக்குமே? எதையும் உடைக்கப் போவதில்லை, என்ன திறந்திருக்கிறது என்று பார்க்க மட்டும்தான்.

மறைக்குறி:

வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம்.

என்னோடு படித்த ஒருவன் இதே எண்ணத்தில்தான் செய்தான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. மறுநாள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அந்தப் பருவம் முழுவதும் அவனுக்கு அதிலேயே போனது. அவன் கண்டுபிடித்தது உண்மையான ஓட்டைதான். அதைக் கேட்க யாரும் தயாராக இல்லை, ஏனென்றால் அவன் அனுமதி கேட்கவில்லை. இப்போது அவன் இந்தத் துறையிலேயே இல்லை. நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் டாப்பன் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒரு புழுநிரலை இணையத்தில் விட்டார். சேதம் செய்வது நோக்கமில்லை என்றார். ஒரு கணினியில் ஏற்கெனவே தன் பிரதி இருக்கிறதா என்று அந்த நிரல் கேட்கும், "இருக்கிறது" என்று பதில் வந்தாலும் ஏழில் ஒரு தடவை மறுபடி நுழைந்துவிடும். அந்த ஏழில் ஒன்றுதான் கணினிகளை மூச்சுத்திணற வைத்தது. அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுக் கணினி மோசடிச் சட்டத்தில் ஆரம்பத்தில் தண்டிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். கணக்கில் சின்னப் பிழை எப்படிப் போய் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். அடுத்தவர் கணினியில் நம் "பார்க்க மட்டும்" எங்கே நிற்கும் என்று நமக்கே தெரியாது.

உங்கள் வீட்டுக் கணினியில் மெய்நிகர் இயந்திரம் வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பழகுவதற்கென்றே ட்ரைஹேக்மீ, ஹேக் தி பாக்ஸ் என்ற தளங்கள் இருக்கின்றன, கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் என்ற போட்டி மாணவர்களுக்காகவே இருக்கிறது. பிழை கண்டுபிடித்தால் பரிசு தரும் நிறுவனங்களின் அனுமதிப் பட்டியலைப் படியுங்கள், அதில் எழுதியிருக்கும் எல்லைக்குள் மட்டும் செய்யுங்கள். அது எழுத்தில் இருக்க வேண்டும். "சார் சரி என்றார்" என்பது அனுமதி ஆகாது.

கதிரொளி:

நன்றி அக்கா. நாளை செய்வதாகத்தான் இருந்தேன்.

பருத்தி:

நான் வணிகவியல் மாணவி. நிரல் எழுத வராது. இந்தத் துறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மேலே இருப்பதைப் படித்தால் எனக்கு இடமே இல்லை போலிருக்கிறதே?

தணிக்கையாளன்:

இருக்கிறது அம்மா, நன்றாகவே இருக்கிறது. நான் கணக்குத் தணிக்கையிலிருந்து தகவல் பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவன். ஐஎஸ்ஓ 27001 என்ற தரநிலையை வைத்து ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சரிபார்ப்பது என் வேலை. அதன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் இருக்கின்றன, முந்தைய பதிப்பில் 114. எண்ணிக்கை குறைந்ததே தவிர வேலை குறையவில்லை, பலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

வேலையை விட்டுப்போனவரின் கணக்கு எத்தனை நாளில் மூடப்படுகிறது? பேக்கப் எடுக்கிறோம் என்கிறார்களே, கடைசியாக அதை மீட்டெடுத்துப் பார்த்தது எப்போது? பணம் அனுப்பும் உரிமையும் அதை ஒப்புதல் செய்யும் உரிமையும் ஒருவரிடமே இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை உங்கள் வணிகவியல் பாடத்திலேயே படித்திருப்பீர்கள்.

ஆனால் நிரல் வராது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். ஃபயர்வால் விதியைக் காட்டினால் வாசிக்கவாவது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வருவோம். அது தணிக்கை இல்லை.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு இப்போதே பணம் கட்டலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அதற்கு ஐந்து வருட வேலை அனுபவம் வேண்டும். தேர்வில் தேறினாலும் அனுபவம் சேரும் வரை முழுப் பட்டம் கிடைக்காது. படிக்கும்போது ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்றால் தொடக்கநிலைச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ் போதும். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. பாடத்திட்டத்தை மட்டும் இறக்கிக்கொண்டு தேர்வு எழுதாமலே படித்தாலும் பாதிப் பயன் கிடைத்துவிடும்.

நூல்கண்டு:

நான் நிரலாளர். எந்த மொழி கற்பது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அன்றாட வேலைக்கு பைத்தான், கூடவே லினக்ஸ் கட்டளை வரியில் பயன்படும் பாஷ். ஆனால் சி மொழியைக் கொஞ்சமாவது தொடுங்கள். 2014இல் வெளியான ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இணையப் போக்குவரத்தை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஒரு கணினி இன்னொன்றிடம், "இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு, அதன் நீளம் இவ்வளவு" என்று சொல்லும். சொன்ன நீளமும் சொல்லின் உண்மையான நீளமும் ஒன்றுதானா என்று சர்வர் சரிபார்க்கவில்லை. ஒரு பைட் அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியும் இருக்கலாம். ஒரு சரிபார்ப்பு விட்டுப்போனது, அவ்வளவுதான். சி தெரிந்தவருக்கு அந்தத் திருத்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள பத்து நிமிடம் போதும்.

கதிரொளி:

ஏஐ வந்த பிறகு சாக்கில் புதியவர்களுக்கு வேலை இருக்குமா?

இரவுக்காவல்:

வரும் எச்சரிக்கைகளை முதல் கட்டமாகச் சலிப்பதில் இயந்திரம் நிறைய உதவுகிறது, இன்னும் உதவும். வெறுமனே எச்சரிக்கையைத் திறந்து மூடுவது மட்டுமே தெரிந்தவருக்கு அது கஷ்டம்தான், மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் இயந்திரம் "இது ஆபத்தில்லை" என்று சொல்லும்போது ஆதாரத்தைப் பார்த்து "இல்லை, இது ஆபத்து" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாகத் தயாராகுங்கள்.

இரவுப் பணி பற்றியும் தெரிந்துகொண்டு வாருங்கள். சாக் 24 மணி நேரமும் ஓடும். முதல் சில வருடம் தூக்கம் மாறிமாறித்தான் இருக்கும். உடம்பு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன, அதில் குறைவு ஒன்றுமில்லை.

வெண்முகில்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வயர்ஷார்க் பக்கத்தை எழுதி முடித்தேன். ஒரு பக்கம் என்றீர்கள் அண்ணா, நான்கு பக்கம் வந்தது. பேண்டிட்டில் இருபதாம் கட்டத்தில் இருக்கிறேன்.

மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் ஆய்வகமும் அமைத்தேன். 8 ஜிபி நினைவகம்தான், அதனால் ஒரே நேரத்தில் இரண்டு இயந்திரம் மட்டும். ஒன்று காளி, இன்னொன்று 180 நாள் சோதனைக்குக் கிடைக்கும் விண்டோஸ் சர்வர். இரண்டும் தங்களுக்குள் மட்டும் பேசும், வெளியே போகாது. காளியிலிருந்து, இன்னொரு கணினியின் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைப் போட்டு, விண்டோஸ் என்ன பதிவு செய்கிறது என்று பார்த்தேன். உள்நுழைவு தோல்விக்கு 4625 என்ற நிகழ்வு வந்தது, அது சரி. ஆனால் எந்த வழியில் நுழைய முயன்றார்கள் என்பதற்கு விண்டோஸ் ஓர் எண் வைக்கும், ரிமோட் டெஸ்க்டாப் என்றால் உள்நுழைவு வகை 10 என்றுதான் படித்திருந்தேன். எனக்கு 3 என்று வருகிறது, பகிர்ந்த கோப்புறையைத் திறக்க முயன்றால் வருவது போல. பத்துத் தடவை செய்தேன், பத்துத் தடவையும் 3தான். இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

இரவுக்காவல்:

தவறே செய்யவில்லை. சரியான இடத்தில் கண் நின்றிருக்கிறது. நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் என்று ஓர் அமைப்பு அந்த சர்வரில் இயங்கிக்கொண்டிருக்கும். அது இருந்தால், திரை திறப்பதற்கு முன்பே, நெட்வொர்க் மட்டத்திலேயே கடவுச்சொல் சரிபார்க்கப்படும். தவறாக இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் அமர்வு உருவாகவே செய்யாது. அதனால் வகை 10 வர வாய்ப்பில்லை, 3 என்றே பதிவாகும். வகை 10ஐ மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு, "ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாரும் முயலவில்லை" என்று அறிக்கை கொடுத்த இடத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆய்வக சர்வரில் மட்டும் அந்த அமைப்பை நிறுத்திவிட்டு மறுபடி செய்து பாருங்கள். பிறகு சரியான கடவுச்சொல் போட்டு, வெற்றிகரமான உள்நுழைவுக்கு வரும் 4624ஐயும் பாருங்கள்.

வெண்முகில்:

செய்து பார்த்துவிட்டேன் அண்ணா. நிறுத்தியதும் தோல்விக்கு 10 வந்தது. மறுபடி இயக்கிவிட்டுச் சரியான கடவுச்சொல் போட்டால் முதலில் 4624 வகை 3, அடுத்து வகை 10, இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்று நிலைகளையும் படத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து, இருநூறு தோல்விக்குப் பின் ஒரு வெற்றி வந்தால் தானாக எச்சரிக்கும் விதியை எழுதப் போகிறேன். அதில் வகை 3ஐயும் சேர்த்தால் கோப்புறைப் பகிர்வுத் தோல்விகளும் உள்ளே வந்துவிடுமே, அதை எப்படிப் பிரிப்பது?

இரவுக்காவல்:

அதை நான் சொல்ல மாட்டேன். இரண்டு வகையிலும் ஒவ்வொரு 4625ஐத் திறந்து, வரி வரியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதோடு ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் போர்ட் 3389க்கு அந்த விநாடியில் யார் வந்தார்கள் என்று ஃபயர்வால் பதிவிலும் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கண்டதைச் சொல்லுங்கள்.